கடுகண்ணாவை ஏற்றம்: கொழும்பு–கண்டி தபால் வண்டிச் சாலை ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போகிறவருக்கு மாவனல்லை தாண்டியதும் காதே சொல்லிவிடும், ஏற்றம் தொடங்கிவிட்டது என்று. சாரதி கியரைக் குறைப்பார். இஞ்சின் சத்தம் கனக்கும். வளைவுக்கு மேல் வளைவு வரும். உச்சியை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு பெரிய பாறை, அதன் வயிற்றில் ஒரு துளை. இன்றைய சாலை பாறையை ஒட்டி விலகிப் போய்விடுகிறது. பழைய சாலை அந்தத் துளை வழியாகத்தான் போனது.

ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கி அதற்குள் நடந்து பார்த்தேன். சில எட்டுகளில் மறுபக்கம் வந்துவிடலாம். சுவரை யாரும் இழைத்துச் சமப்படுத்தவில்லை. உடைத்த பாறை உடைத்தபடியே நிற்கிறது, தொட்டால் கையில் ஈரம் ஒட்டுகிறது. பக்கத்துத் தேநீர்க்கடைப் பெரியவர், "இதுக்குள்ளதான் மகன் அந்தக் காலத்துல குதிர வண்டி போனது" என்றார். அந்த இடத்தில் நின்றபோது எழுந்த கேள்விகள்தான் இந்த ஆய்வு. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக மூன்று ஐரோப்பிய வல்லரசுகளைத் தடுத்து நிறுத்திய மலை, பன்னிரண்டே ஆண்டுகளில் குதிரை வண்டி ஏறும் சாலையாக மாறியது எப்படி? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? அவ்வளவு பாடுபட்டுப் போட்ட சாலையில் தபால் வண்டியின் காலம் ஏன் 35 ஆண்டுகளில் முடிந்துபோனது?

பாதை இல்லாததே அரண்

கண்டி அரசர்கள் சாலை போடத் தெரியாதவர்கள் அல்லர். வேண்டுமென்றே போடாமல் விட்டார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ் இதைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். மலைக்குள் நுழையும் வழிகள் எல்லாம் ஒற்றையடிப் பாதைகள். முக்கியமான இடங்களில் முள்ளால் பின்னிய வாயில்கள், அங்கே காவலர்கள். கையில் உரிய அடையாளம் இல்லாதவன் போகவும் முடியாது, வரவும் முடியாது. கண்டி வீதியில் கொழும்பைவிட்டு வெளியேறும்போது வரும் கடவத்தை என்ற ஊரின் பெயரில் அந்தக் கடவையின் நிழல் இன்னும் இருக்கிறது.

மேற்கிலிருந்து மலைக்குள் ஏறப் பலன, கலகெதர, கடுகண்ணாவை என்று சில கணவாய்கள் உண்டு. பலன என்ற சிங்களச் சொல்லுக்குப் பார்ப்பது என்று பொருள். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் படை வருவது முன்கூட்டியே தெரியும். வருகிற படை ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற வேண்டும். பீரங்கியை இழுத்துவர வழியில்லை, அரிசி மூட்டையைத் தலையில்தான் சுமக்க வேண்டும். கண்டிக்காரர்கள் பெரும்பாலும் எதிரியை வரும்போது மறிப்பதில்லை. உள்ளே வரவிட்டு, உணவு தீர்ந்து காய்ச்சலில் படுத்த பிறகு, திரும்பும் வழியில் அடித்தார்கள். போர்த்துக்கேயர் 1594இல் தந்துரையிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இல் கன்னொறுவையிலும் இப்படித்தான் அழிந்தார்கள். 1803இல் கண்டியைப் பிடித்து உட்கார்ந்த ஆங்கிலேயப் படைக்கும் அதே கதிதான். மேஜர் டேவியின் ஆட்கள் மகாவலியைக் கடக்க முடியாமல் கரையிலேயே கொல்லப்பட்டார்கள்.

1815இல் கண்டி வீழ்ந்தது. பிரதானிகள் அரசனுக்கு எதிராகத் திரும்பியதும், ஆங்கிலேயர் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஏறியதுமே அதற்குக் காரணம். பெப்ரவரியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான், மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபின் கடைசி அரசனான அவனை மலையிலிருந்து கொழும்புக்கு இறக்கி, 1816 ஜனவரியில் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஆனால் அரசனைப் பிடித்ததால் மலை கைக்கு வந்துவிடவில்லை. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்து அடுத்த ஆண்டு வரை நீடித்தது. அதை அடக்க ஆங்கிலேயர் ஊர்களை எரித்தார்கள், பயிரை அழித்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. கண்டியைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு. வைத்திருக்க வேண்டுமானால் எந்த மழையிலும் படையும் பீரங்கியும் சோறும் ஏறக்கூடிய சாலை வேண்டும்.

ஆகவே இந்தச் சாலையின் முதல் நோக்கம் படைதான். தபாலும் பயணிகளும் வியாபாரமும் பின்னால் வந்தவை.

துளையும் ஆரூடமும்

அந்தப் பாறைத் துளையைப் பற்றி ஒரு கதை உண்டு. மலையைத் துளைத்து அதன் வழியே வருகிறவனுக்குத்தான் கண்டி அடங்கும் என்று பழைய ஆரூடம் ஒன்று இருந்ததாம். அது தெரிந்துதான் ஆங்கிலேயர் பாறையைத் துளைத்தார்கள் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் கால வரிசை ஒத்துவரவில்லை, துளைக்கும் முன்பே கண்டி வீழ்ந்துவிட்டது. இருந்தாலும் இதைப் புறந்தள்ள மனம் வரவில்லை. அரசன் போனதை ஊர் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை, மலை துளைபட்டதைத்தான் தோல்வியாக எடுத்துக்கொண்டது என்று இந்தக் கதை சொல்கிறது. சாலை வரும்வரை அந்நியன் எப்படியும் திரும்பிப் போய்விடுவான் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். அதற்கு முன் பல முறை அப்படித்தானே நடந்தது?

ஏற்றத்தை எப்படிச் சமாளித்தார்கள்

சாலைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எட்வர்ட் பார்ன்ஸ். 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநர், பிறகு 1824 முதல் 1831 வரை ஆளுநர். வேலை 1820இல் தொடங்கியது. திட்டமிட்டு நடத்தியவர் ராயல் இஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் கப்டன் டோசன். மலைப்பகுதியில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பு தோமஸ் ஸ்கின்னர் என்ற இளம் அதிகாரிக்கும் வந்தது. 1804இல் பிறந்தவர். அப்போது வயது பதினாறு, சாலை போடுவது பற்றி ஒன்றும் தெரியாது. வேலை செய்தபடியே கற்றுக்கொண்டார். பின்னாளில் தீவின் பெரும்பாலான சாலைகளுக்கு அவரே பொறுப்பானார்.

கொழும்பிலிருந்து கண்டி 72 மைல். முதல் ஐம்பது மைலுக்கு மேடு பள்ளம் உண்டு, ஆனால் பெரிய ஏற்றம் இல்லை. அங்கே சிக்கல் ஆறும் சதுப்பும். உண்மையான சோதனை கடைசியில், கீழ்க் கடுகண்ணாவையிலிருந்து உச்சிவரை. உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 அடி. அதைத் தொட்டுவிட்டால் கண்டி வரை இனிப் பெரிய ஏற்றம் கிடையாது. ஆக 72 மைல் சாலையின் தலையெழுத்தைச் சில மைல்களே தீர்மானித்தன.

மனிதன் நடக்கிற பாதையும் குதிரை வண்டி ஏறுகிற பாதையும் ஒன்றல்ல, இதைச் சற்று விளக்க வேண்டும். நடக்கிறவனுக்குத் தூரம் குறைந்தால் போதும், செங்குத்தாக இருந்தாலும் கையை ஊன்றி ஏறிவிடுவான். பாரம் இழுக்கிற குதிரைக்கு அப்படி முடியாது. இருபது அடிக்கு ஓரடி உயர்ந்தாலே அது ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்துவிடும். சரிவு இன்னும் கூடினால் நின்றுவிடும். ஆகவே உயரத்தைத் தூரமாக மாற்ற வேண்டும். மலையின் இடுப்பைச் சுற்றி, ஒரு மடிப்புக்குள் நுழைந்து வெளியே வந்து, மறுபடி திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். பாறை குறுக்கிட்ட இடத்தில் சுற்ற வழியில்லாவிட்டால் உடைக்க வேண்டும். அந்தத் துளை அப்படி வந்ததுதான்.

எதைக் கொண்டு உடைத்தார்கள்? டைனமைட் அப்போது கிடையாது. அல்பிரட் நோபல் அதற்குக் காப்புரிமை பெற்றது 1867இல். இவர்களிடம் இருந்தவை உளி, சம்மட்டி, அலவாங்கு, கருமருந்து. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, ஒரு துவாரம் அங்குலம் அங்குலமாக இறங்கும். அதில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்து ஓடிவர வேண்டும். வெடித்த பிறகு பிளந்த கல்லை அலவாங்கால் நெம்பிப் பள்ளத்தில் தள்ள வேண்டும். அந்தச் சுவரின் சொரசொரப்பைக் கையால் தடவியபோது ஒவ்வோர் உடைவுக்கும் ஒரு மனிதனின் எத்தனை நாள் போயிருக்கும் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

வெட்டுவது பாதி வேலைதான். இந்த மலைச்சாலைகளின் முதல் எதிரி மழை. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து இந்தச் சரிவில்தான் மோதும். மலையை வெட்டிச் சாலை போட்டால் மேலிருந்து வடியும் நீரின் வழியை நாம் அறுத்துவிடுகிறோம். அதற்கு வேறு வழி காட்டாவிட்டால் அது சாலையையே வழியாக்கிக்கொள்ளும். மலைப்பக்கம் கான் வெட்டி நீரைச் சேர்த்து, இடைக்கிடை மதகு வைத்துச் சாலைக்கு அடியால் பள்ளத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி அணை கட்ட வேண்டும். மேலே உடைகல் பரப்பி, நடுவைச் சற்று உயர்த்தி, நீர் இருபக்கமும் ஓட விட வேண்டும். பயணியின் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கானும் மதகும்தான் மலைச்சாலையின் உயிர். 2021 நவம்பரில் இதே கீழ்க் கடுகண்ணாவையில் மண்சரிவு அபாயத்தால் சாலையைப் பல நாள் மூட வேண்டியிருந்ததை நினைத்தால், மலை அந்தக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை என்று தெரியும்.

ஆறுகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை தேவைப்பட்டது. கொழும்பைவிட்டு வெளியேறும் இடத்தில் களனி கங்கை. அதில் பார்ன்ஸ் காலத்தில் படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, மேலே பலகை பரப்பிப் படகுப் பாலம் போட்டார்கள். ஆற்றில் போகும் ஓடங்களுக்கு வழிவிட நடுப் படகுகளைக் குறித்த நேரத்தில் அகற்றுவார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வரும்வரை அதுதான் பாலம். மாவனல்லையில் மகா ஓயாவுக்குச் செங்கல் வளைவுப் பாலம், இன்றும் நிற்கிறது. கண்டிக்குச் சற்று முன் பேராதனையில் மகாவலி. அங்கே 1833இல் எழுந்தது முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம். நடுவில் தூண் இல்லாமல் 205 அடி அகலத்தைத் தாண்டியது. முதிரை எவ்வளவு கனம், எவ்வளவு உறுதி என்று வடக்கு வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுபது ஆண்டுக்கு மேல் மாட்டுக் கரத்தையும் குதிரையும் யானையும் அதன் மேல் போய்வந்தன. 1905இல் அதை எடுத்துவிட்டு வேறு பாலம் போட்டார்கள். பார்க்கக் கிடைக்காமல் போனவற்றில் எனக்கு அதிகம் ஏக்கம் தருவது அந்தப் பாலம்தான்.

யாருடைய கைகள்

கடுகண்ணாவையில் சாலையோரம் ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்கும். 125 அடி உயரம், உள்ளே மேலே ஏறச் சுழற்படி. கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம். அவர் 1829 மார்ச் 28இல் கொழும்பில் இறந்தார், சாலை முழுமையடைவதைப் பார்க்கவில்லை. அவருடைய அறிவும் திறமையும்தான் இந்தச் சாலையைத் திட்டமிட்டு நிறைவேற்றின என்று கல்வெட்டு சொல்கிறது. நண்பர்களும் அபிமானிகளும் நன்கொடை திரட்டி 1832இல் எழுப்பினார்கள்.

டோசனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வளைவுகளைத் தேர்ந்தெடுத்த விதம் அருமை, இன்றைய சாலையும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் போகிறது. ஆனால் கல்லை உடைத்தவர்கள், கானை வெட்டியவர்கள், பள்ளத்தில் அணை அடுக்கியவர்கள் பற்றி அந்தக் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. இந்த நிகழ்வின் மையமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உழைப்பு வந்தது ராஜகாரியத்தின் வழியாக. கண்டி அரசில் நிலம் வைத்திருப்பவன் அதற்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்ய வேண்டும். வயலுக்கு ஏற்ற வேலை, சாதிக்கு ஏற்ற வேலை. யார் எத்தனை நாள், எங்கே, என்ன செய்வது என்பதற்கெல்லாம் வழக்கம் இருந்தது. சுமைதான், சந்தேகமில்லை. ஆனால் வரம்புள்ள சுமை. ஆங்கிலேயர் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு வரம்பை மட்டும் அகற்றினார்கள். விதைக்கிற காலமானாலும் அறுக்கிற காலமானாலும் ஆளனுப்பு என்று கட்டளை போகும். ஊர்த் தலைவன் ஆட்களைத் திரட்டி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. சொந்த வயல் காய, காய்ச்சல் பிடிக்கும் காட்டில் அரசாங்கத்தின் கல்லை உடைக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளில் மலைக்குச் சாலை வந்ததன் இரகசியம் இதுதான். பொறியியல் உதவியது, பார்ன்ஸின் பிடிவாதமும் உதவியது. ஆனால் கூலிக் கணக்கு எழுதவேண்டிய நிலை இருந்திருந்தால் கருவூலம் இதைத் தாங்கியிருக்காது. அந்தக் காலத்து அரசாங்கச் செலவுக் கணக்கில் தெரியும் மலிவு, உழவனின் வயலிலிருந்து எடுத்த மலிவு.

லண்டனிலிருந்து வந்த கோல்புறூக் ஆணைக்குழு இதைக் கண்டித்தது. மனிதாபிமானம் மட்டும் காரணமல்ல. ஆளைப் பிடித்து வேலை வாங்கும் வரை நாட்டில் கூலிச் சந்தை உருவாகாது, தனியார் முதலீடு வளராது என்பது அவர்கள் வாதம். பார்ன்ஸ் ராஜகாரியம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நின்றார். இறுதியில் 1832இல் அது ஒழிக்கப்பட்டது. அதே 1832இல்தான் கண்டிக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரி 30இல் வேலூரில் கண்டியின் கடைசி அரசனும் கண்மூடினான். டோசன் கோபுரத்திலும் அதே ஆண்டுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது இந்த நான்கும் ஒரே கோட்டில் வந்து நின்றதைக் கண்டு கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தபால் வண்டி

ஆசியாவின் முதல் தபால் குதிரை வண்டிச் சேவை இதுதான் என்று இலங்கைத் தபால் வரலாற்றில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு முன் கடிதம் ஓட்டக்காரர்களின் தோளில் போனது. ஒருவர் ஓடிப் பையை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அதற்கு அடுத்தவரிடம் கொடுப்பார். பயணிகள் பல்லக்கிலோ நடந்தோ நாள்கணக்கில் போனார்கள்.

குதிரை வண்டியின் சூட்சுமம் வண்டியில் இல்லை, குதிரையை மாற்றுவதில் இருக்கிறது. பாரத்தை இழுத்துக்கொண்டு ஒரு குதிரை பத்து மைல் அளவுக்கு நல்ல ஓட்டம் ஓடும். அதற்கு மேல் களைத்துவிடும். ஆகவே வழியெங்கும் லாயங்கள் வேண்டும். அங்கே புதிய குதிரைகள் சேணத்தோடு தயாராக நிற்க வேண்டும், வண்டி வந்ததும் அவிழ்த்துப் பூட்டிச் சில நிமிடத்தில் அனுப்பிவிட வேண்டும். 72 மைலுக்கு ஏழு எட்டு மாற்றம். மாற்றும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு ஆறு மைல் என்று கணக்கிட்டால் பன்னிரண்டு மணி நேரம். விடியுமுன் கொழும்பில் ஏறியவர் பொழுது சாயக் கண்டியில். அந்தக் காலத்து மனிதருக்கு இது மாயம் மாதிரி இருந்திருக்கும்.

ஏற்றத்தில் கூடுதல் குதிரைகள் பூட்டுவதும், அப்படியும் போதாவிட்டால் பயணிகளை இறக்கி நடக்கச் சொல்வதும் மலைச்சாலைக் குதிரை வண்டிகளின் பொது வழக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயங்கரம். பாரவண்டி பின்னாலிருந்து குதிரையைத் தள்ளும். அதனால் பின்சக்கரத்துக்கு அடியில் இரும்புச் செருப்பு ஒன்றைச் செருகிச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். சக்கரம் உருளாமல் அதன் மேல் வழுக்கியபடி இறங்கும். ஈரச் சாலையில் அந்த இரும்பு கல்லோடு உராயும் சத்தம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். சாரதியின் கைகளில்தான் எல்லார் உயிரும்.

தங்கிப் போக வாடிவீடுகள் எழுந்தன. அம்பேபுஸ்ஸை வாடிவீடு 1828இல் கட்டியது, தீவின் மிகப் பழைய வாடிவீடாக இன்றும் அதையே காட்டுகிறார்கள். வண்டி நிற்கும் இடத்தில் கடை வந்தது, கடையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை என்று இன்று பஸ் நடத்துனர் கூவும் பெயர்கள் பலவும் இந்தச் சாலையில் தழைத்தவை. வழிப்போக்கனை நம்பி வாழும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கஜுகமையில் பெண்கள் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள்.

அரிசி மேலே, கோப்பி கீழே

படைக்காகப் போட்ட சாலையைப் பிடித்துக்கொண்டது கோப்பி. பார்ன்ஸே கன்னொறுவையில் தோட்டம் போட்டவர்தான். 1830களின் பிற்பகுதியிலிருந்து மலைக்காடுகள் ஏலத்தில் போய்க் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டத்தில் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தச் சாலையால் வரவில்லை. மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, வன்னிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். குதிரை வண்டிச் சாலை இருந்த அதே தீவில் அவர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் வாய்த்தது. ஆனால் மலைக்குப் போன பிறகு அவர்கள் உண்ட அரிசி கப்பலில் கொழும்புக்கு வந்து, கரத்தையில் இந்தக் கடுகண்ணாவை ஏற்றத்தால்தான் ஏறியது. அரிசி ஏற்றிப்போன கரத்தை கோப்பி ஏற்றி இறங்கியது.

ராஜகாரியம் போன பிறகு சாலையை யார் பராமரிப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒரு பங்கை இந்தியத் தமிழ்த் தொழிலாளர் படைகள் சுமந்தன. அதுவும் போதாமல் 1848இல் வீதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 18 வயதிலிருந்து 55 வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் சாலையில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். பதினாறு ஆண்டுக்கு முன் ஒழித்த ராஜகாரியம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்ததாகத்தான் மலைநாட்டு மக்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வேறு வரிகளின் கோபமும் சேர, அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8இல் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கல் உடைக்கக் கூலி கொடுக்காமல் மிச்சம் பிடித்ததன் கணக்கு இப்படி வேறொரு பக்கத்தில் எழுதப்பட்டது.

சாலை வளர்த்த கள்ளன்

பணமும் பொருளும் ஓடும் சாலையில் வழிப்பறியும் வரும். மாவனல்லைப் பக்கம் கண்டி வீதியைப் பார்த்தபடி நிற்கும் உத்துவன்கந்தை மலைதான் சரதியேலின் ஒளிவிடம். பிறந்தது 1832இல், தபால் வண்டியின் வயதுதான் அவனுக்கும். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று ஊர் இன்றும் சொல்லும். 1864 மார்ச் 21இல் அவனைச் சுற்றிவளைத்தபோது கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் என்று அந்த நாளை இலங்கைப் பொலிஸ் இன்றும் நினைவுகூர்கிறது. மே 7இல் சரதியேலைக் கண்டியில் தூக்கிலிட்டார்கள். அவன் ஏன் அவ்வளவு பெரிய பெயரானான் என்று யோசித்தால், ஒடுக்கமான ஏற்றத்தில் மெல்ல நகரும் வண்டி ஒவ்வொன்றும் மேலிருந்து பார்க்கிறவன் கண்ணில் தப்பாது என்பது புரியும். பலன காவலர்கள் பார்த்த அதே பார்வை அது.

கோச்சி

அதே 1864இன் இறுதியில் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை வந்தது. தோட்டத்துரைமார் நெடுநாளாகக் கேட்டது அது. கோப்பி பருவத்தில் கரத்தைகள் நெருக்கியடித்தன, மாடுகளுக்கு நோய் வந்தால் மூட்டைகள் தேங்கின, மழையில் சக்கரங்கள் புதைந்தன. ரயில் பாதை போட்டவர்களுக்கும் கடுகண்ணாவைதான் தேர்வு. குதிரைக்கே இருபதுக்கு ஒன்று கடினம் என்றால் இரும்புச் சக்கரத்துக்கு அது கனவு. அவர்கள் 45 அடிக்கு ஓரடி என்ற அளவில் பன்னிரண்டு மைல் நீளத்துக்கு ஏறினார்கள், மொத்தம் 1,400 அடி உயரம். 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. பதினாறு வயதில் இங்கே கல் உடைக்க ஆட்களை நடத்திய ஸ்கின்னர் ஓய்வு பெற்று நாட்டைவிட்டுப் போனதும் அதே ஆண்டில்தான்.

குதிரை வண்டிக்கு இனிக் கண்டிப் பயணத்தில் வேலையில்லை. சாலை மட்டும் நின்றது. கரத்தை, அப்புறம் மோட்டார், அப்புறம் பஸ்ஸும் லொறியும் என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. அகலம் போதாதபோது பாறைத் துளையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வெட்டினார்கள். இன்று அது ஏ1 நெடுஞ்சாலை.

குதிரை வண்டியின் பெயர் மட்டும் இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. கோச் என்ற ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த கோச்சியை மக்கள் ரயிலுக்குச் சூட்டிவிட்டார்கள். சிங்களத்தில் கோச்சிய என்றால் ரயில். நம் பாட்டன் பாட்டிகளும் கோச்சியில் போனோம் என்றுதான் சொன்னார்கள். கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் இன்று தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய நீராவி இஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து சாலையில் இறங்கினால் டோசன் கோபுரம். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் அந்தப் பாறை, அதன் உள்சுவரில் பெயரில்லாதவர்கள் விட்டுப்போன உடைவுகள்.